டன்கன் கொடுத்த பாட்டில்

சர்க்கரை வந்த பிறகு எந்த விருந்திலும் எனக்கு ஒரே வேலைதான். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டில் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பிரபுவும் அவருடைய ஆபீஸ் சிநேகிதர்கள் சிலரும் மாதத்துக்கு ஒரு தடவை கூடி விஸ்கி ருசி பார்க்கிறார்கள். குடிக்கிறார்கள் என்று சொன்னால் கோபம் வரும். ருசி பார்க்கிறார்கள். அதுவும் ஸ்காட்லாந்தில் ஒரே ஆலையில் பார்லியை மட்டும் வைத்துக் காய்ச்சிய சிங்கிள் மால்ட் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. வெங்காயம் மாதிரி வயிறு பெருத்து வாய் குறுகிய கண்ணாடித் தம்ளர். அதில் இருமல் மருந்து அளவுக்கு ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் "பச்சை ஆப்பிள்" என்கிறார். இன்னொருவர் "தேன்... அப்புறம் பழைய தோல் பை" என்கிறார். தோல் பையை இவர் எப்போது நக்கிப் பார்த்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்பதில்லை. மாப்பிள்ளை வீட்டில் வாயைக் கட்டுவது நல்லது.

கடைசியாக ஒரு பாட்டிலைத் திறந்தார்கள். பிரபு வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் வாங்கி வந்தது. அதை எப்படிக் குடிக்க வேண்டும், யாருக்குச் சிபாரிசு செய்யலாம், யாருக்குக் கூடாது என்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு பிரபுவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"மாமா, குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க. உங்க வயசுக்காரங்களுக்கு இத ரெகமெண்ட் பண்ணலாமான்னு சொல்லுங்க."

மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். என்னைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது.

"வேணாம் மாப்பிள்ளை. கீழ ஊத்திடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாவப் போய்க் கேக்கறீங்களே" என்றாள். பிரபு மட்டும் பொறுமையாக விளக்கினார்.

"அதுதான் மாமா இதோட விசேஷமே. அங்க தீவுங்கள்ல பீட்னு ஒரு மண்ணு. சதுப்பு நெலத்துல செடிகொடியெல்லாம் மக்கி மக்கி ஆனது. அத வெட்டிக் காயவச்சு, எரிச்சு, அந்தப் புகையில பார்லியக் காய வைப்பாங்க. அதான் இந்த டிங்சர் வாசனை, புகை வாசனை எல்லாம். சுத்தமான சரக்கு மாமா. இதுக்கு அலையறாங்க."

சுத்தமான சரக்கு. தம்ளரை மேஜை மேல் வைத்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து மகள் பிஸ்கட் கொண்டுவந்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

அந்த வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? முதலில் டிங்சர் அயோடின். பிறகு கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா. அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கருவாட்டுக் கூடையும் கரிப்புகையும். கரிப்புகை என்றாலே எனக்குத் திருமுல்லைவாயில் ஸ்டேஷன்தான். அந்தப் பாதையில் அப்போது மின்சார ரயில் கிடையாது. கரி எஞ்சின் இழுக்கிற லோக்கல் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும். வெள்ளைச் சட்டையோடு ஏறினால் அம்பத்தூரில் இறங்கும்போது காலரில் மிளகுத் தூள் தூவினாற்போல் கரி. அறுபதுகளின் கடைசி அது. திண்டிவனத்துப் பக்கம் ஒரு ஊரிலிருந்து டிப்ளமா முடித்துவிட்டு வந்து, திருமுல்லைவாயிலில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. மெஷின் பாகங்களுக்குப் படம் வரைகிறவன். பெரிய இன்ஜினியர் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். ஊரும் நம்பியது.

கம்பெனி மண்ணூர்பேட்டையை ஒட்டி இருந்தது. நெல் வயல்களுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு பக்கம் கடைசல் மெஷின் ஓடும், மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்று நடுவார்கள். அங்கே ஃபிட்டராக இருந்தவர் கன்னியப்பன். மண்ணூர்பேட்டைக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அவருடைய அப்பா பண்ணையாளாக உழுத வயல் மேல்தான் அந்தக் கொட்டகை நின்றது.

"எங்க நைனா சேத்துல நின்னுச்சு, நான் கிரீசுல நிக்கறேன். காலு சுத்தமாயிட்ச்சு, கை நாறிட்ச்சு" என்பார்.

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா டிராயிங்கு, நாஸ்டா ஆச்சா?" என்பதுதான் காலை வணக்கம். நான் அவரை அண்ணே என்பேன். என் படத்தில் ஏதாவது தப்பு இருந்தால் எல்லார் முன்னாலும் சொல்லமாட்டார். ஓரமாக அழைத்துப்போய், "மெய்யாலுமே இப்டிதான் வேணுமா, இல்ல தூக்கத்துல போட்டியா?" என்று கேட்பார். பெரும்பாலும் தூக்கத்தில் போட்டதாகத்தான் இருக்கும்.

அந்தக் கொட்டகையில் யாரும் உள்ளங்கையைக் கொடுத்துக் கை குலுக்குவதில்லை. கை முழுக்கக் கிரீஸ். சாப்பாட்டுச் சங்கு ஊதினால் மண்ணெண்ணெயில் நனைத்து, மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, அதற்கு மேல் சோப்புப் போட்டால்தான் சோற்றைத் தொட முடியும். அதனால் வெளியாள் யாராவது கை நீட்டினால், விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுவார்கள். வந்தவர் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கணம் புரியாது. முழிப்பார்கள். அதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

டன்கனும் அப்படித்தான் முழித்தார். பல்சக்கரம் வெட்டுகிற பெரிய மெஷின் ஒன்று கப்பலில் வந்திருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட மெஷின் செய்த கம்பெனி ஸ்காட்லாந்திலிருந்து அனுப்பிய ஆள் அவர். செம்பட்டை முடி, நம் ஊர் வெயில் பட்டு முதல் நாளே தக்காளியாகச் சிவந்துவிட்ட கழுத்து. மேனேஜரோடு உள்ளே வந்து கன்னியப்பனிடம் கை நீட்டினார். கன்னியப்பன் மணிக்கட்டை நீட்டினார். டன்கன் அதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே பிடித்துக் குலுக்கினார். ஒரு வாரத்தில் அவர் கையும் கிரீஸ். காலையில் இவர் மணிக்கட்டை நீட்ட, அவரும் மணிக்கட்டை நீட்ட, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அதுவே குட்மார்னிங் என்று ஆகிவிட்டது.

நான்தான் மொழிபெயர்ப்பாளன். என் இங்கிலீஷ் திண்டிவனம் இங்கிலீஷ். அவர் பேசுவது இங்கிலீஷ்தானா என்று எனக்கு முதல் பத்து நாள் சந்தேகம். ஆனால் அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவேயில்லை. கன்னியப்பன் போல்ட்டின் மேல் காதை வைத்துக் கேட்டு, முகத்தைச் சுளித்தால் டன்கன் ஸ்பானரை எடுத்துக்கொடுப்பார். மத்தியானம் கன்னியப்பன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வரும். கம்பெனி தருகிற ரொட்டியையும் முட்டையையும் தள்ளிவைத்துவிட்டு டன்கன் அதைச் சாப்பிடுவார். கண்ணில் நீர் கொட்டும். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவார். தன் ஊரிலும் மீனைப் புகை போட்டு வைப்போம் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் அதைக் கன்னியப்பனுக்குச் சொன்னேன். "அப்டின்னா நம்ம ஜாதிதான்" என்றார் கன்னியப்பன்.

மெஷின் ஓடியது. முதல் சக்கரம் வெட்டி, அளந்து பார்த்து, சரி என்று ஆனது. டன்கன் கிளம்புகிற அன்று கன்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டார், என்னையும். பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். அவர் சொன்னது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் புரிந்தது, ஏனென்றால் எனக்காக ரொம்ப நிதானமாகச் சொன்னார். தன் அப்பா ஒரு தீவில் விஸ்கி ஆலையில் வேலை செய்கிறவர். தான் வீட்டைவிட்டு வேலைக்குக் கிளம்பிய வருஷம் அப்பா கையால் பீப்பாயில் ஊற்றிவைத்தது இது. சோடா வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் போதும். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கன்னியப்பன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். வெள்ளைக்காரருக்கும், குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டரிடம் எழுதி வாங்கியவருக்கும் பெர்மிட் உண்டு. மற்றவர்களுக்குக் கள்ளச் சாராயம். அதுவும் கிடைக்காதபோது மர சாமானுக்குப் பூசுகிற வார்னிஷ். அதில் உப்பைப் போட்டுக் குலுக்கி, மேலே தெளிவதை வடிகட்டிக் குடிப்பார்கள். செத்தவர்கள் உண்டு. கண் போனவர்கள் உண்டு. பழைய பேப்பர்காரரிடம் போனால் காலி பிராந்தி பாட்டில் ஒரு விலை, சீமைச் சரக்கின் காலி பாட்டில் அதைவிடப் பல மடங்கு விலை. எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். எதையாவது ஊற்றி, மூடியை அரக்கு வைத்து ஒட்டி, கப்பல் சரக்கு என்று விற்பதற்கு. லேபிளைப் பார்த்து யாரும் எதையும் நம்பமாட்டார்கள்.

அதனால்தான் எங்கள் பக்கத்தில் ஹவில்தார் இருந்தார். ஆவடியில் பாதுகாப்புத் துறை குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஆபீசர் மெஸ்ஸின் சரக்கு அறை பல வருஷம் அவர் பொறுப்பில் இருந்ததாம். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை யார் கைக்கு எந்தப் பாட்டில் வந்தாலும் அவரிடம் காட்டாமல் திறப்பதில்லை என்று ஒரு வழக்கமே ஆகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க பிராந்தி வாங்கிய மாமியார்கள்கூட முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர் மோந்து பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்பார். நல்லதாக இருந்தால் எதற்கு எது, எவ்வளவு என்று சொல்லி அனுப்புவார். ஆகாது என்றால் அங்கேயே கொட்டிவிட்டுப் பாட்டிலையும் உடைத்துவிடுவார், திரும்பவும் யாரும் அதில் ஊற்றக்கூடாது என்று. ஒரு பைசா வாங்கமாட்டார். அவர் குடிப்பதும் கிடையாது. அவருடைய தம்பி சபாபதி வார்னிஷ் குடித்துக் கண் இழந்தவர். அந்த வீட்டிலேயே, வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

கன்னியப்பன் பாட்டிலைக் காணும் பொங்கலுக்கு என்று எடுத்துவைத்திருந்தார். மனைவியின் தம்பிகள் வருவார்கள், அவர்கள் முன்னால் திறக்க வேண்டும். ஆனால் அவருடைய மனைவி பச்சையம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஹவில்தாராண்ட காட்டாம எந்தம்பிங்க வாயில ஒரு சொட்டு வைக்கக்கூடாது. யாரு குடுத்ததா இருந்தா எனக்கின்னா?"

"வெள்ளைக்காரன் குடுத்ததுடி."

"வெள்ளைக்காரன் குடுத்தா வெஷம் கொல்லாதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கன்னியப்பனும் போனோம். போலீஸ் கண்ணில் படாமல் இருக்கப் பாட்டிலைத் துணிப்பையில் முருங்கைக்காய்க் கட்டுக்கு நடுவில் செருகி எடுத்துக்கொண்டு, கரி எஞ்சின் வண்டியில் ஆவடி. கன்னியப்பன் வெளுத்த சட்டை போட்டிருந்தார். பரிசோதனைக்குப் போகிற முகம் இல்லை அது. ஹவில்தாருக்கே தெரியாத ஒன்றைக் காட்டப் போகிறோம் என்ற பெருமை.

ஹவில்தார் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெறும் கறுப்பு எழுத்து லேபிள். எங்கள் யாருக்கும் வாயில் நுழையாத பேர்.

"இந்தப் பேர நான் எந்த மெஸ்லயும் பாத்ததில்லையேப்பா."

"பாத்திருக்க மாட்டீங்க சார்" என்றார் கன்னியப்பன். "அவுங்க நைனா செஞ்சது."

தக்கையைத் திருகி எடுத்தார். வாசனை எழும்பியது. எனக்கும் வந்தது. டிங்சர். நான் கன்னியப்பனைப் பார்த்தேன், அவர் ஹவில்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹவில்தார் பாட்டிலைச் சாய்த்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, காயவிட்டு மோந்தார். கரண்டியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி வைத்துப் பார்த்தார். நாக்கு நுனியில் தொட்டுவைத்து, வாசலில் துப்பி, வாய் கொப்பளித்தார். வழக்கமாக அதற்குள் சொல்லிவிடுவார். அன்று சொல்லவில்லை.

"சபாபதி, கொஞ்சம் இங்க வா."

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாட்டிலை அவர் முகத்தருகே கொண்டுபோனதும் பின்னால் நகர்ந்து கதவில் இடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஆஸ்பத்திரிண்ணே! எனக்குக் கண்ணு போய் முழிச்ச அன்னிக்கு இந்த வாசனைதான். யாருண்ணே குடிச்சாங்க? யாராவது குடிச்சிட்டாங்களா?"

"யாரும் குடிக்கல. நீ போய் உக்காரு."

ஹவில்தார் கன்னியப்பனின் தோளைத் தொட்டார்.

"வேணாம்பா. கீழ ஊத்திடலாம்."

"டங்கன் குடுத்தது சார்."

"தெரியுது. அவரக் குத்தம் சொல்லல. வாங்குன எடத்துல ஏமாந்திருப்பாரு. கர்னலே ஏமாந்திருக்காரு."

"வாங்கலியே சார். அவுங்க நைனா செஞ்சதுன்னாரே. சொல்லு டிராயிங்கு, அப்டிதானே சொன்னாரு?"

அப்படித்தான் சொன்னார். தலையாட்டினேன். ஹவில்தார் தண்ணீர்க் குழாய்க்கு அருகே சாக்கடையில் பாட்டிலைக் கவிழ்த்தார். கொட்டித் தீர்ந்ததும் வழக்கப்படி குழாயடிக் கல்லில் அடித்து உடைத்தார். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தது கன்னியப்பன்தான். யாருடைய காலிலும் குத்திவிடக்கூடாதாம்.

திரும்பும்போது ஆவடி பிளாட்பாரத்தில் கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். முருங்கைக்காய்க் கட்டு அவர் மடியில் இருந்தது.

"எங்க நைனா பண்ணையில கீறச்சொல்ல, அந்த ஊட்டம்மா ஊசிப்போன சோத்த எடுத்துவெச்சு குடுக்கும். எங்க நைனா ரெண்டு கையால வாங்கிக்கினு, கும்புட்டுக்கினு வரும். தண்ணியில அலசி எங்களுக்குப் போடும். நாம ஃபிட்டராயிட்டோம், இனிமே அந்தச் சோத்த வாங்க மாட்டோம்னு நெனச்சேன் டிராயிங்கு." தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு கையால வாங்கிக்கினு வந்தனே" என்றார்.

அதற்கு நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வண்டி வந்துவிட்டது.

அதன் பிறகு டன்கன் ஒரே ஒரு முறை வந்தார். மெஷினில் தேய்ந்த பாகங்களை மாற்ற. அதற்குள் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள், தெருவுக்குத் தெரு கடை வந்திருந்தது, ஹவில்தாரிடம் போகிறவர்கள் குறைந்திருந்தார்கள். டன்கன் கொட்டகைக்குள் நுழைந்ததும் மேனேஜரைக்கூடக் கவனிக்காமல் நேராக அந்த மெஷினருகே நின்ற கன்னியப்பனிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. விரல்களை மடக்கி, மணிக்கட்டை நீட்டினார், நம் ஆட்கள் நீட்டுவது போலவே. அவர் கை அப்போது சுத்தமாகத்தான் இருந்தது.

கன்னியப்பன் அதைப் பார்த்தார். காட்டன் வேஸ்ட்டை எடுத்துத் தன் கையைத் துடைத்தார். துடைத்துவிட்டு, மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டன்கன் அப்படியே நின்றார். பிறகு தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது போல. சட்டையில் தேய்த்துக்கொண்டார். அவர் இருந்த நாளெல்லாம் கன்னியப்பன் "எஸ் சார்", "நோ சார்" தவிர வேறு வார்த்தை பேசவில்லை. கருவாட்டுக் குழம்பு வரவில்லை. டன்கன் போகும்போது எல்லாருக்கும் பொதுவாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இவ்வளவையும் நான் மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். பழைய விஷயம் என்று ஒரு மூலையில் கிடந்தது. மாப்பிள்ளை நீட்டிய தம்ளர் அதை இழுத்து வெளியே போட்டுவிட்டது. யார் மேலாவது கோபப்படலாம் என்றால் ஆள் இல்லை. டன்கன் தன் வீட்டுச் சொத்தைக் கொடுத்தார். பச்சையம்மா தம்பிகளின் உயிரைப் பார்த்தார். ஹவில்தார் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சபாபதி பொய் சொல்லவில்லை. எல்லாரும் சரியாகவே இருந்திருக்கிறோம். நினைத்தால் ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

கன்னியப்பனிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சொன்னால், இத்தனை காலம் சுமந்த அவமானம் போகும். போகிற இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். எண்பது தாண்டிய மனிதரிடம் போய் இதைச் சொல்லியே ஆக வேண்டுமா? ஆனால் அந்த ஊசிப்போன சோற்றை அவர் வயிற்றிலேயே விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. பிரபுவிடம் கேட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மாமா ரகசியமாக ஆரம்பித்துவிட்டார் என்று இருந்தது.

கன்னியப்பன் மண்ணூர்பேட்டையில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். பச்சையம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது.

"யாரு, டிராயிங்கா? உசுரோட கீறியா?"

"கீறேன் அண்ணே." அவரிடம் மட்டும்தான் எனக்கு அந்தத் தமிழ் வரும்.

குப்பியைக் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்தார். முகம் இறுகியது. உடனே மூடிவிட்டார்.

"இத்த ஏன்பா எடுத்தாந்த?"

சொன்னேன். மாப்பிள்ளை, தீவு, சதுப்பு நிலம், புகை எல்லாம்.

"மண்ண எரிப்பாங்களா?"

"ஆமாண்ணே. அந்தப் புகைதான் இந்த வாசனை. நல்ல சரக்கு. கலப்படம் இல்ல."

"ஹவில்தாரு?"

"அவர் இருந்த மெஸ்ல இது வந்ததே இல்லபோல. அவருக்கும் தெரியல."

"அப்போ அவுங்க நைனா செஞ்சதுதான்."

"செஞ்சதுதாண்ணே."

குப்பியை மறுபடி திறந்து மோந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு ஒரு தம்ளரும் ஒரு சொம்பு தண்ணீரும் கேட்டார். குப்பியைத் தம்ளரில் கவிழ்த்து, மேலே சொம்பைச் சாய்த்தார். அளந்து, கவனமாக.

"சோடா வாணாம்னாரு இல்ல? கொஞ்சம் தண்ணி போதும்னாரு."

அதைத் தமிழில் சொன்னவனே நான்தான். அவர் இத்தனை வருஷமாக அதை மனசில் வைத்திருந்திருக்கிறார். உதட்டில் வைத்து, கொஞ்சம் உறிஞ்சி, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். பிரபுவின் சிநேகிதர்கள் ஆப்பிள், தேன் என்று சொல்வது எனக்கு நினைவு வந்தது.

"கருவாடு" என்றார் கன்னியப்பன். "அதான் எங்க ஊட்டுக் கொழம்ப அப்டித் துன்னாரு."

சிரிக்கத்தான் போனார். வாய் கோணி, அது அழுகையாகிவிட்டது.

"கைய நீட்டினாரே டிராயிங்கு. அத்தினி பேரு பாக்கச்சொல்ல நீட்டினாரே."

நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது, சொன்னது நல்லது என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறித் தோன்றிக்கொண்டே இருந்தன. தம்ளரில் இருந்ததை அவர் முழுக்கக் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

"ஒம் மருமவப்புள்ள அந்தப் பக்கமெல்லாம் போறாரு இல்ல? டங்கன் கீறாரான்னு விசாரிக்கச் சொல்லேன்."

"சொல்றேண்ணே" என்றேன்.

எங்கே விசாரிப்பது? மெஷினைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டதாகக் கேள்வி. மெஷின் காயலான் கடைக்குப் போய்விட்டது. தீவின் பேரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த லேபிளில் ஆலையின் பேராவது இருந்தது. அது ஆவடியில் ஏதோ ஒரு குழாயடிக்குக் கீழே கண்ணாடித் துண்டுகளோடு கிடக்கிறது, குவார்ட்டர்ஸில் அந்த வரிசையையே இடித்துக் கட்டிவிட்டார்கள். நமக்கு மிச்சம் டன்கன் என்ற ஒரு பேர்தான். அந்த ஊரில் அது நம் கன்னியப்பன் மாதிரி எத்தனை பேரோ. உயிரோடு இருந்தால் அவருக்கும் எண்பது தாண்டியிருக்கும்.

கிளம்பும்போது கன்னியப்பன் எழுந்து நின்றார். பல வருஷமாகக் கிரீஸ் படாத கை. தோல் வெளுத்து, நகமெல்லாம் சுத்தமாக இருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். நானும் என் மணிக்கட்டால் அதை இடித்தேன். போதாது என்பது போல இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார்.

கால் வலித்தாலும் பஸ் ஸ்டாப்புக்குக் கம்பெனி இருந்த தெரு வழியாகவே நடந்தேன். கொட்டகை இல்லை. மதில் இல்லை, மதிலுக்கு அந்தப் பக்கத்து வயல் எப்போதோ இல்லை. கண்ணாடி வைத்த உயரமான கட்டடம். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறார்கள், வெளியே வருகிறார்கள். மெஷின் எந்த இடத்தில் நின்றது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. கேட்டில் இருந்த காவலாளி வெகுநேரம் என்னைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார்.

"யாரப் பாக்கணும் சார்?"

"யாரும் இல்லப்பா" என்றேன்.